வாயிலைத் திறப்போர் வாயையும் திறக்க வேண்டும்!

பல்கலைக்கழகம் மதிலுக்குள் அடைபட்ட தனியுடைமை அன்று. வயலில் வியர்வை சிந்தும் கமக்காரனின் வரிப்பணமும், அலுவலகத்தில் உழைக்கும் எழுதுவினைஞனின் வரிப்பணமும் சேர்ந்தே அதன் கூரையைத் தாங்குகின்றன. ஆகவே, ஆண்டில் ஒரு நாளேனும் அதன் வாயில் பொதுமக்களுக்குத் திறக்கப்படுவது பெருந்தன்மையன்று, கடமை. 'திறந்த நாள்' என்று வழங்கும் அந்நாளிலே தந்தை தன் மகளைக் கையிற் பிடித்தபடி ஆய்வுகூடத்தைச் சுற்றிப் பார்க்கிறான். நாளை நீயும் இங்கே படிப்பாய் என்று அவள் காதிற் சொல்கிறான். இலவசக் கல்வி பெற்ற இந்நாட்டில் இதனினும் இனிய காட்சி வேறு யாது?

ஆனால், வாயிலைத் திறந்துவிட்ட அளவில் கடமை முடிந்துவிடுமா? எத்தனை பேர் வருவர்? எவ்வழியே நுழைவர்? எவ்வழியே வெளியேறுவர்? மழை பெய்தால் எங்கே ஒதுங்குவர்? ஒருவர் விழுந்தால் அதனை யார் யாருக்குச் சொல்வர்? இக்கேள்விகளுக்கு விடை காணாது மக்களை அழைப்பது விருந்தோம்பல் ஆகாது. அது விருந்தினரின் உயிரோடு விளையாடுவதாகும்.

வெறும் அச்சத்தாற் பேசுகிறேன் என்று எவரும் எண்ண வேண்டாம். 2023 நவம்பர் 25ஆந் திகதி, கேரளத்தின் கொச்சி விஞ்ஞான தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலே மாணவரின் தொழில்நுட்ப விழா நடந்தது. மாலையில் திறந்தவெளி அரங்கிலே இசை நிகழ்ச்சி. அரங்கினுள்ளே இடமிருந்தது, வெளியே பெருங்கூட்டம் காத்திருந்தது. திடீரென மழை பொழிந்தது. வெளியே நின்றோர் ஒதுங்குவதற்காக வாயிலை நோக்கி விரைந்தனர். வாயிலுக்கு அப்பாற் கீழ்நோக்கிச் செங்குத்தாக இறங்கும் படிகள். முன்னே சென்றோர் வீழ்ந்தனர். பின்னே வந்தோர் அதனை அறியாது அவர்கள் மேலேயே வந்து வீழ்ந்தனர். இளம் உயிர்கள் நான்கு அணைந்தன. பாதுகாப்புக் கேட்டுப் பல்கலைக்கழக நிருவாகத்துக்கு எழுதப்பட்ட கடிதம் பொலிசாரைச் சென்றடையவில்லை என்ற செய்தி பின்னர் வெளிவந்தது. ஒரு மேசையிலிருந்து மறு மேசைக்குப் போகாத கடிதம் எத்தனை கனமானது என்பதைப் பெற்றோர் கண்ணீரிலன்றோ நிறுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது!

2012 ஜனவரி 10ஆந் திகதி தென்னாபிரிக்காவின் ஜொகானஸ்பேர்க் பல்கலைக்கழக வாயிலிலும் இவ்வாறே நிகழ்ந்தது. எஞ்சியிருந்த சில இடங்களுக்கு விண்ணப்பிப்பதற்காக ஆயிரக்கணக்கானோர் வரிசையில் நின்றனர். வாயில் திறந்ததும் நெரிசல் எழுந்தது. மகனுக்கு இடம் தேடி அவனோடு வந்த தாய் ஒருத்தி அங்கேயே மாண்டாள். அதன் பின்னரே, நேரில் வந்து கடைசி நேரத்தில் விண்ணப்பிக்கும் முறையை அப்பல்கலைக்கழகம் கைவிட்டது. உயிர் போகுமுன் செய்திருக்கக்கூடியதை உயிர் போன பின் செய்தனர்.

இத்தகைய வேளைகளில் 'சனம் கட்டுக்கடங்கவில்லை' என்று சொல்லிக் கைகழுவுவது அதிகாரிகளுக்கு வழக்கமாகிவிட்டது. இக்கூற்றை நாம் ஏற்பதற்கில்லை. நெரிசலில் இறப்போருட் பலர் மிதிபட்டு இறப்பதில்லை. நின்ற நிலையிலேயே மார்பு நெரிந்து மூச்சு முட்டி இறக்கின்றனர். ஒரு சதுர மீற்றரில் நால்வர் நின்றால் ஒருவாறு நகரலாம். அதுவே ஆறு, ஏழு பேராகும்போது தனி மனிதனின் விருப்பம் அங்கே செல்லாது. கூட்டம் வெள்ளம் போலாகிவிடும். முன்வரிசையில் ஒருவன் மடிவதைப் பின்வரிசையில் நிற்பவன் காணான், கேளான். அவன் குற்றவாளி அல்லன். அவனுக்குச் செய்தி எட்டவில்லை. அச்செய்தியை எட்டச் செய்ய வல்லவர் ஒருவரே: உயரத்தில் நின்று, ஒலிபெருக்கியைக் கையில் வைத்திருப்பவர். அவர் மௌனம் சாதித்தால் அந்த மௌனமே கொல்லும்.

இந்த உண்மை கமக்காரருக்குப் புதிதன்று. இரணைமடுவின் வான் கதவுகளைத் திறக்குமுன் கீழே குடியிருப்போருக்கு அறிவிக்க வேண்டும் என்பதைக் கிளிநொச்சியிற் சிறு பிள்ளையும் அறியும். குளத்துக்கு அணை கட்டும்போதே வானும் கட்டுவர். மழை வந்த பின் வான் வெட்டப் புறப்படுவாரில்லை. நீருக்குக் காட்டும் இந்த முன்யோசனையை மனிதருக்குக் காட்டலாகாதா? அதே கிளிநொச்சியின் அறிவியல் நகரிலேதான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் பொறியியற் பீடமும் இருக்கின்றன என்பதை நினைவூட்ட விரும்புகிறேன்.

சொல்லுவது ஒரு பாதி. கேட்பது மறு பாதி. 2022 ஒக்ரோபர் 29ஆந் திகதி தென்கொரியத் தலைநகர் சியோலின் இதேவொன் பகுதியில், விழாவுக்குத் திரண்ட இளைஞர் ஒடுங்கிய சந்தொன்றில் நெரிபட்டனர். 159 உயிர்கள் பலியாயின. நெரிசல் உச்சத்தை அடையுமுன், மாலை 6.34 மணி தொடக்கம் 11 அழைப்புகள் பொலிசாருக்குச் சென்றிருந்தன. மக்கள் நசுங்கிச் சாகக்கூடும் என்று முதல் அழைப்பே எச்சரித்தது. கேட்கும் காது இருந்தது. செயற்படும் கை இருக்கவில்லை.

நமக்கு இவை தொலைதூரக் கதைகளுமல்ல. என் தலைமுறை பிறக்குமுன், 1974 ஜனவரி 10ஆந் திகதி, நான்காவது உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் இறுதி நாளன்று யாழ்ப்பாணம் வீரசிங்கம் மண்டபத்தின் முன்னே மக்கள் அமைதியாகத் திரண்டிருந்தனர். அவர்கள் நடுவே பொலிசார் புகுந்தனர். கண்ணீர்ப்புகை வீசப்பட்டது, துப்பாக்கிகள் வெடித்தன, மின்கம்பி அறுந்து வீழ்ந்தது. ஒன்பது உயிர்கள் போயின. ஓய்வுபெற்ற நீதியரசர் டி கிறெற்சர் தலைமையிற் கூடிய, அரசு சாராத விசாரணைக்குழு பொலிசார் மீதே குற்றங் கண்டது. கூட்டத்தை நெறிப்படுத்துதல் வேறு. கூட்டத்தை அடித்துக் கலைத்தல் வேறு. முன்னதற்குக் கருவி சொல்; பின்னதற்குக் கருவி தடி. இந்த வேறுபாட்டை நாம் உயிர்விலை கொடுத்துக் கற்றவர்கள்.

துன்பம் நேர்ந்த பின்பும் சொல்லுக்குக் கடமை உண்டு. 1989இல் இங்கிலாந்தின் ஹில்ஸ்பரோ உதைபந்தாட்ட அரங்கில் நேர்ந்த நெரிசலில் 97 பேர் உயிரிழந்தனர். இரசிகர்களே வாயிலை உடைத்து நுழைந்தனர் என்று பொலிஸ் அதிகாரி அன்றே சொன்னார். வாயிலைத் திறக்கும்படி பணித்தவரோ அவரேதான்! அப்பொய்யைத் துடைத்து, இரசிகர்மீது குற்றமில்லை என யூரர் தீர்ப்புரைக்க 2016ஆம் ஆண்டாயிற்று. பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோர், பிள்ளையின் நற்பெயரையும் மீட்க 27 ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது.

சட்டம் பயின்றவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். நம் நாட்டில் வழங்கும் உரோமன் டச்சுச் சட்டமும் இங்கிலாந்தின் சட்டமும் வெவ்வேறு வேரில் முளைத்தவை. எனினும், முன்னுணரத்தக்க தீங்கைத் தடுக்க நியாயமான கவனம் எடாதவன் பொறுப்பாளி என்பதில் இரண்டும் ஒன்றுபடுகின்றன. கொச்சிக்கும் ஜொகானஸ்பேர்க்குக்கும் பிறகு, 'இப்படி நடக்குமென்று எண்ணவில்லை' என்று எந்தப் பல்கலைக்கழக நிருவாகமும் சொல்ல இயலாது.

அவ்வாறாயின் நாம் கேட்பது யாது? அரங்கு எத்தனை பேரைத் தாங்கும் என்பதை எழுத்தில் வரையறுக்க வேண்டும். வாயிலில் ஆட்களை எண்ண வேண்டும். நுழைவுவழியும் வெளியேறும் வழியும் வேறாதல் வேண்டும். நிகழ்ச்சியை அக்கணமே நிறுத்தும் அதிகாரம் பெயர் குறித்த ஒருவரிடம் இருத்தல் வேண்டும். பிரதம விருந்தினரின் முகத்தைப் பார்த்து அவர் தயங்கலாகாது. மின்சாரம் நின்றாலும் ஒலிக்கும் ஒலிபெருக்கி வேண்டும். அறிவித்தல் தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஆகிய மும்மொழியிலும் ஒலிக்க வேண்டும். மாரி காலமாயின் மழைக்கு ஒதுங்குமிடம் முன்னரே குறிக்கப்பட வேண்டும். பொலிசுக்கும் வைத்தியசாலைக்கும் எழுதிய கடிதம் கைக்கெட்டியது என்ற பதில் வரும்வரை ஒழுங்கமைப்பாளர் உறங்கலாகாது. தீங்கு நேர்ந்துவிட்டால் அன்றைக்கே, அறிந்ததை அறிந்தபடி பெற்றோருக்குச் சொல்ல வேண்டும். இறந்தோர்மீது பழி சுமத்தலாகாது.

இத்தனை நிபந்தனை விதித்தால் திறந்த நாளையே நிறுத்திவிடுவார்களே எனச் சிலர் அஞ்சலாம். நல்லூர்க் கந்தன் திருவிழாவைப் பாருங்கள். இலட்சக்கணக்கானோர் கூடும் அவ்விழாவுக்காகக் கோயிலைச் சூழ்ந்த வீதிகள் வாகனங்களுக்கு மூடப்படுகின்றன. பூசை எந்நேரம் என்பதை ஊரே அறியும்; அந்நேரம் தவறுவதில்லை. நேரமும் வழியும் தெரிந்த கூட்டம் தன்னைத் தானே ஆள்கிறது. கட்டுக்கடங்காத சனம் என்று நம்மவரை இகழ்வோருக்கு நல்லூரின் வீதியே மறுமொழி. கோயில் வீதியில் இயல்வது கலாசாலை முற்றத்தில் இயலாதா?

பல்கலைக்கழக வாயில்கள் இன்னும் அகலத் திறக்கட்டும். கமக்காரன் மகள் தலைநிமிர்ந்து உள்ளே நுழையட்டும். ஆனால், மாலையில் அவள் தந்தையின் கைப்பிடித்து வீடு திரும்புவாள் என்பதற்கு அழைத்தவரே பிணை நிற்க வேண்டும். அப்பிணையைத் தர இயலாதோருக்கு அழைக்கும் உரிமை இல்லை.