தாமதமாக வந்தால் வீணா?

சோவியத் யூனியனுக்கு எதிரான குளிர்காலப் போரில் பின்லாந்துக்காகப் போன சுவீடன் தன்னார்வ வீரர்கள் கடைசி இரண்டு வாரம் தலைகாட்டிவிட்டுத் திரும்பியவர்கள், அவ்வளவுதான் என்று எழுதுவது சுலபம். ஆனால் வடக்கே சல்லா போர்முனையை அவர்கள் பொறுப்பேற்றதால்தானே அங்கிருந்த பின்லாந்துப் படைகள் கரேலியப் பூசந்திக்கு நகர முடிந்தது? சோவியத் படை அரணை உடைத்திருந்த இடமாயிற்றே அந்தப் பூசந்தி!

அவர்களின் விமானப் பிரிவோ 1940 ஜனவரியிலேயே வந்துவிட்டது. கெமி அருகே உறைந்த கடல்தான் ஓடுதளம். 12 கிளாடியேட்டர் சண்டை விமானங்கள், சக்கரத்துக்குப் பதில் பனிச்சறுக்குக் கட்டை, இறக்கையில் பின்லாந்தின் நீல ஸ்வஸ்திகா (ஹிட்லருடையது அல்ல, 1918 முதலே இருப்பது). சுவீடனிடம் அன்றிருந்த சண்டை விமானங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு!

குறை சொல்லியே தீரவேண்டுமென்றால் ஸ்டாக்ஹோம் அரசைச் சொல்லுங்கள். பின்லாந்து கெஞ்சிக் கேட்ட முறையான ராணுவத்தை அனுப்ப மறுத்தது அதுதான்.