மருந்து அடிக்காத ஆப்பிளும் மாத்திரையை நிறுத்தும் நோயாளியும்

சில வாரங்களுக்கு முன், சிறுநீரகப் பிரிவில் உள்நோயாளிகளைப் பார்வையிட்டுக் கொண்டிருந்தபோது, ஒரு நோயாளியின் துணைவியார் என்னிடம் ஓர் ஆப்பிளைக் காட்டினார். "டாக்டர், இது மருந்து அடிக்காத ஆப்பிளாம். சாதாரண ஆப்பிளைவிட இரண்டு மடங்கு விலை. இதைத் தினமும் கொடுத்தால் இவருக்கு மாத்திரையைக் குறைத்துவிடலாமா?" என்று கேட்டார். அப்போது சுருக்கமாகவே பதில் சொல்ல நேரம் இருந்தது. அந்தக் கேள்வியைப் பலரும் மனத்தில் வைத்திருப்பதை அறிவேன் என்பதால், விரிவான பதிலை இங்கே எழுதுகிறேன்.

இயற்கை முறையில் ஆப்பிள் விளைவிப்பது எளிய காரியமன்று. அதற்கு ஜப்பானைச் சேர்ந்த அகினோரி கிமுரா என்ற விவசாயியின் வாழ்க்கையே சான்று. அந்நாட்டின் ஆப்பிள் விளைச்சலில் பாதிக்கும் மேல் தருவது அவோமோரி மாகாணம். நம் ஊர்ப் பழக்கடைகளில் விற்கும் 'ஃபுஜி' இரகம் உருவானதும் அங்கேதான். அம்மாகாணத்தின் இவாகி மலையடிவாரத்தில் கிமுராவின் குடும்பத் தோட்டம் இருந்தது. ஆண்டுக்குப் பத்து முறைக்கும் மேலாகப் பூச்சிமருந்தும் பூஞ்சைக்கொல்லியும் தெளிப்பது அங்கு வழக்கம். ஒவ்வொரு முறை தெளித்த பின்னும் அவருடைய மனைவியின் தோல் வெந்து, நாள்கணக்கில் படுக்கையில் கிடக்க நேர்ந்தது. அதைக் காணப் பொறுக்காமல், 1970களின் பிற்பகுதியில், மருந்து அடிப்பதையே நிறுத்த அவர் முடிவு செய்தார். மசானொபு ஃபுகுவோகாவின் இயற்கை வேளாண்மை நூல் அதற்குத் தூண்டுகோலாயிற்று.

அதன் பின் நிகழ்ந்தது பெருந்துன்பம். இலைப்புள்ளி நோயால் கோடையிலேயே மரங்கள் இலையுதிர்த்தன. புழுக்களைக் குடும்பமே கையால் பொறுக்கியது. பூவும் இல்லை, காயும் இல்லை. பல மரங்கள் பட்டுப்போயின. வருமானம் அற்றுப்போக, பிள்ளைகளும் வறுமையில் வளர்ந்தார்கள். வாழ்வே வேண்டாம் என்ற மனநிலையில் ஓரிரவு மலையேறிய அவர், அங்கே எவரும் மருந்து அடிக்காமலேயே செழித்து நின்ற ஒரு காட்டு மரத்தைக் கண்டார். அதன் அடியில் புல் மண்டிக் கிடந்தது. மண் மிருதுவாக இருந்தது. தாம் இதுவரை இலையையும் பூச்சியையும் மட்டுமே பார்த்து, மண்ணைப் பார்க்கத் தவறியதை அவர் உணர்ந்தார். திரும்பி வந்து களையை வெட்டாமல் வளரவிட்டார். தழைச்சத்துக்காகச் சோயா விதைத்தார். நோய்க்குக் காடி கலந்த நீரைத் தெளித்தார். தொடங்கி ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் கழிந்த பின்பே தோட்டம் மீண்டும் பூத்தது. 2013இல் அவருடைய கதை திரைப்படமாகவும் வந்தது.

இக்கதையிலிருந்து நோயாளிகளும் குடும்பத்தினரும் மூன்று செய்திகளைப் பெறலாம் என்பது என் கருத்து.

முதலாவது, கிமுராவின் மனைவியை நோயுறச் செய்தது மருந்து தெளித்த காற்று. பழத்தை உண்டதால் வந்த நோயன்று அது. பூச்சிமருந்தின் பெருஞ்சுமையைத் தாங்குபவர் தோட்டத்தில் தெளிப்பவரும் அவர் குடும்பத்தாருமே. கடையில் வாங்கும் பழத்தில் எஞ்சும் அளவு அதனோடு ஒப்பிடத் தக்கதன்று. ஆகவே இயற்கை விளைச்சலை நான் ஆதரிப்பது, முதலில் உழவரின் நலனுக்காகவே. உங்கள் வீட்டில் வயலுக்கு மருந்து அடிப்பவர் இருந்தால், அதைத் தவறாமல் எங்களிடம் கூறுங்கள். முழுக்கைச் சட்டை, கையுறை, முகக்கவசம் அணிவதும், காற்றுக்கு எதிராக நின்று தெளிக்காமையும், உடனே குளிப்பதும், அந்த உடையைத் தனியே துவைப்பதும் இன்றியமையாதவை. தெளித்த பின் மிகுந்த வியர்வை, வாயில் எச்சில் ஊறுதல், கண்மங்கல், வாந்தி, தசைத்துடிப்பு தோன்றினால், மருந்துப் புட்டியையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.

இரண்டாவது, இயற்கைப் பழம் வாங்க வசதியில்லை என்று எவரும் வருந்த வேண்டியதில்லை. சாதாரண ஆப்பிளை ஓடும் நீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவி உண்ணலாம். சோப்பு வேண்டாம். சமையல் சோடா கரைத்த நீரில் பத்துப் பதினைந்து நிமிடங்கள் ஊறவைத்துக் கழுவினால் மேற்பரப்பில் உள்ள மருந்து பெருமளவு நீங்கும். உள்ளே ஊடுருவியது நீங்காது. அதுவும் கவலையாக இருந்தால் தோலைச் சீவிவிடலாம். நார்ச்சத்து சிறிது குறையும், அவ்வளவே. பளபளப்பைக் கண்டு அஞ்சவும் வேண்டாம். ஆப்பிளுக்கு இயல்பாகவே மெழுகுப்பூச்சு உண்டு. இயற்கைத் தோட்டங்களிலும் கந்தகம், தாமிரம் போன்றவை தெளிக்க அனுமதி உண்டு என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். அச்சத்தால் பழத்தையே விலக்குவதுதான் உண்மையான இழப்பு. நூறு கிராம் ஆப்பிளில் ஏறத்தாழ 100 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கிறது. அதே அளவு வாழைப்பழத்தில் 350க்கும் மேல். எனவே பொட்டாசியம் கட்டுப்பாடு உள்ள சிறுநீரக நோயாளிகளுக்கு ஆப்பிளைப் பெரும்பாலும் அனுமதிக்கிறோம். அளவை மட்டும் உங்கள் மருத்துவரிடம் கேட்டறியுங்கள். மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்கள் அடிபட்ட பழத்தையும், வெளியில் நறுக்கி விற்கும் பழத்தையும் தவிர்க்க வேண்டும்.

மூன்றாவதே மிக முக்கியமானது. தமிழில் நாம் பயிருக்குத் தெளிக்கும் நஞ்சையும் மருந்து என்கிறோம். நோயாளிக்குத் தருவதையும் மருந்து என்கிறோம். இந்த ஒரு சொல்லால் ஒரு பெருங்குழப்பம் நேர்கிறது. "மரத்துக்கு மருந்தை நிறுத்தினால் அது தானே தேறுகிறது, உடம்பும் அப்படித்தானே" என்று என்னிடம் வாதிட்டவர் ஒருவர் உண்டு. இரத்த அழுத்த மாத்திரைகளை அவர் தாமாகவே நிறுத்திவிட்டார். உடலில் எந்தத் தொல்லையும் தெரியாததால், தாம் நலமாக இருப்பதாகவே நம்பினார். ஓராண்டு கழித்து மூச்சுத்திணறலோடு வந்தபோது, அவருடைய சிறுநீரகங்கள் மீள முடியாத நிலையை அடைந்திருந்தன. இன்று வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்கிறார்.

மருந்தை நிறுத்தியதால் மட்டும் கிமுராவின் மரங்கள் பிழைக்கவில்லை. நிறுத்தியபோது அவை அழியத்தான் தொடங்கின. மண் வளம் பெற்ற பின்பே மீண்டன. அதற்குள் பட்டுப்போன மரத்துக்குப் பதிலாக வேறொரு கன்றை நடலாம். நோயாளிக்கு அந்த வசதி இல்லை.

எனினும் கிமுரா மண்ணைப் பேணியதைப் போல நாமும் உடலைப் பேணலாம். உப்பைக் குறைத்தல், நடைப்பயிற்சி, போதிய உறக்கம், புகையை விடுதல் ஆகியவை மாத்திரையோடு சேர்ந்து செய்ய வேண்டியவை. அவற்றின் பயனால் மாத்திரையின் அளவு குறைவதும் உண்டு. ஆனால் எப்போது, எவ்வளவு குறைப்பது என்பதை உங்கள் இரத்த அழுத்தத்தையும் பரிசோதனை முடிவுகளையும் பார்த்து மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

அந்த அம்மையாரிடம் நான் கூறியது இதுதான்: "ஆப்பிளைக் கொடுங்கள் அம்மா, அது நல்லது. சாதாரண ஆப்பிளே போதும். மிச்சமாகும் பணத்தில் அடுத்த மாத மாத்திரையை முன்கூட்டியே வாங்கி வையுங்கள்." உங்களில் எவருக்கேனும் மாத்திரையை நிறுத்தும் எண்ணம் இருந்தால், அதைச் செய்யும் முன் ஒருமுறை எங்களிடம் வந்து பேசுங்கள். நாங்கள் கடிந்துகொள்ள மாட்டோம்.