ஒரு சங்கத்துக்கு ஒரு நாட்காட்டி போதும்!

அன்பு மாணவர்களே, சொந்தங்களே,

கொஞ்சம் நீளமான பதிவுதான். கோபத்தோடு எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

நம் பழைய மாணவர் சங்கத்துக்கு ஒரு இணையதளம். அதன் கீழே ஒவ்வொரு செட்டுக்கும் ஒன்று. எல்லாம் ஒரே வேர்ட்பிரஸ் மல்டிசைட். ஆனால் நிகழ்ச்சித் தேதியை ஒவ்வொரு தளத்திலும் ஒருவர் தனியாகத் தட்டுகிறார். நம் பழைய தலைமையாசிரியரின் நினைவுக் கூட்டம் சனியிலிருந்து ஞாயிறுக்கு மாறியது. இரண்டு தளங்களில் மாற்றவே இல்லை. அதை நம்பி ஐந்து மணி நேரம் பஸ்ஸில் வந்த அவருடைய மாணவர், பூட்டிய கேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். அவருக்கு யார் பதில் சொல்வது?

"எல்லா செட்டும் சமம். அவரவர் நாட்காட்டி அவரவர் கையில் இருப்பதுதான் ஜனநாயகம்" என்கிறார்கள் சிலர். இது ஜனநாயகம் இல்லை, குழப்பம். ஒரு வகுப்புக்கு ஐந்து வருகைப் பதிவேடு வைத்தால், அன்று யார் வரவில்லை என்று எவருக்கும் தெரியாது. தேதியை எந்த செட்டும் சொல்லலாம். எழுதும் இடம் ஒன்றாக இருக்க வேண்டும்.

மல்டிசைட்டில் ஒவ்வொரு தளத்தின் பதிவுகளும் தனித்தனியாகத்தான் சேமிக்கப்படுகின்றன. ஒன்றில் திருத்தினால் மற்றதில் தானாக மாறாது. இதற்கு வழி புதிதும் இல்லை. 1998லேயே ஐகேலண்டர் என்ற பொது வடிவம் வந்துவிட்டது. அதில் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஒரு அடையாள எண் உண்டு, நம் சேர்க்கை எண் மாதிரி. தேதி மாறினாலும் எண் மாறாது. கையால் மறுபடி தட்டினால் புது எண் விழும். ஒரே கூட்டம் உங்கள் போனில் இரண்டாகத் தெரிவது அதனால்தான்.

ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான்.

நாட்காட்டி தலைமைத் தளத்தில் மட்டும் இருக்கட்டும். மற்ற தளங்களும் உங்கள் போன்களும் அதன் முகவரிக்குச் சந்தா கட்டுங்கள். கோப்பை இறக்கிப் போட்டுக்கொள்வது ஜெராக்ஸ். எடுத்த அன்றோடு சரி. சந்தா என்பது தினம் வீட்டுக்கு வரும் பேப்பர்.

எல்லாத் தளங்களிலும் நேர மண்டலம் கொல்கத்தா என்று இருக்கிறதா பாருங்கள். ஒரு தளம் யுடிசியில் நின்றால், அங்கே காலை 10 மணி என்று போட்ட கூட்டம் உங்கள் போனில் மாலை 3.30 என்று காட்டும்.

ரத்தான நிகழ்ச்சியை அழிக்காதீர்கள்; "ரத்து" என்று குறியுங்கள். காணாமல் போனதைப் பார்த்து யாருக்கும் எதுவும் புரியாது.

பொறுப்பாளர்கள் இரண்டு பேர், வருடத்துக்கு ஒரு செட்டிலிருந்து, சுழற்சி முறையில். ஜனநாயகம் வேண்டுமென்றால் அதை இங்கே வையுங்கள்.

சந்தாவில் மாற்றம் வந்து சேரச் சில மணி நேரம் ஆகலாம். கடைசி நேர மாற்றத்துக்குப் போன் போட்டே சொல்லுங்கள்.

அடுத்த கூட்டத்துக்கு முன்னால் இதை முடித்துவிட்டு, முடித்தோம் என்று கீழே எழுதுங்கள். லைக் மட்டும் போட்டுவிட்டுப் போனால் மார்க் கிடையாது!

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்