விருந்தினர் இருக்கையில் வீட்டுமொழி

“சப்பான்காரனே ஆங்கிலம் கற்பிக்க வெள்ளைக்காரனை வரவழைத்து வைத்திருக்கிறான், தமிழன் மட்டும் ஆங்கிலப் பள்ளியை ஏன் வெறுக்க வேண்டும்?” குழந்தைகளைத் தமிழ்வழியிற் சேர்க்குமாறு நாம் பெற்றோரை வேண்டும்போதெல்லாம், கழுகுமலை, கோயிற்பட்டிக் கரிசற்புறங்களில் நம் முகத்தெதிரே வீசப்பெறும் வினா இது. ஆங்கிலவழிப் பள்ளிக்கு ஆள் திரட்டுவார் இதைச் சொல்லிக் கொடுக்கின்றனர். மயங்கிய பெற்றோர் அதைத் திருப்பிச் சொல்லுகின்றனர். வினாவைக் கண்டு நாம் ஒதுங்க வேண்டுவதில்லை. சப்பானை எடுத்துக்காட்டியது அவர்களே. ஆகலின், சப்பான் செய்தது என்ன என்பதை முழுமையாகவே பார்ப்போம்.

சப்பான் அயலாரை அழைத்தது உண்மையே. 1987-ஆம் ஆண்டு அந்நாட்டரசு ஒரு திட்டம் வகுத்து அமெரிக்கா, பிரித்தானியா, ஆத்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நான்கு நாடுகளினின்று 848 இளைஞரை வரவழைத்தது. பின்னர் வேறு பல நாட்டாரும் அதிற் சேர்ந்தனர். அவருட் பெரும்பாலார் நகரங்களிலும் சிற்றூர்களிலும் வீடெடுத்துத் தங்கி, பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் பழக்குகின்றனர். மலையடிவாரத்துச் சிறு பள்ளியிலும் ஓர் அயலார் நின்று ஆங்கிலச் சொற்களை ஒலித்துக் காட்டுவதை அங்குக் காணலாம். இதுவரை சொல்லிவிட்டு நம்மவர் நிறுத்திக்கொள்கின்றனர். நிறுத்திய இடத்திற்கு அப்பாலன்றோ செய்தி உள்ளது!

அவ்வயலார் அப்பள்ளியில் எந்த இருக்கையில் அமர்கின்றார்? அவர் துணையாசிரியர். வகுப்பின் பொறுப்பு சப்பானிய ஆசிரியருடையது. அவர் கற்பிப்பது கணக்கன்று, அறிவியலன்று, வரலாறன்று, ஆங்கிலம் என்னும் ஒரு பாடம் மட்டுமே. அதுவும் எத்துணைப் பொழுது? சப்பானியத் தொடக்கப்பள்ளியில் முதல் வகுப்பிற்கு ஓராண்டில் 850 பாடவேளைகள். அவற்றுள் 306 தாய்மொழிக்கே உரியவை, ஆங்கிலத்திற்கு ஒன்றுமில்லை. இரண்டாம் வகுப்பிலும் இல்லை. மூன்று, நான்காம் வகுப்புகளில் ஆண்டிற்கு 35 வேளை, பேச்சும் ஆட்டமுமாக ஆங்கிலப் பழக்கம். ஐந்து, ஆறாம் வகுப்புகளில் ஆண்டின் 1015 வேளைகளுள் 70 மட்டும் ஆங்கிலத்திற்கு. இந்த எழுபதும் 2020-ஆம் ஆண்டிலேதான் முறையான பாடமாயிற்று. எஞ்சிய வேளைகளில் கணக்கும் அறிவியலும் நிலநூலும் சப்பான் மொழியிலேயே கற்பிக்கப்பெறுகின்றன. மருத்துவமும் பொறியியலும் படிக்கும் மாணவரும் தம் மொழியிலேயே பயில்கின்றனர். தம் மொழியிலேயே தேர்வெழுதி மருத்துவராகின்றனர்.

இது தானாக வந்த பேறன்று. போராடிப் பெற்ற தெளிவு. 1870-களில் சப்பானிலும் ஒரு மயக்கம் எழுந்தது. பின்னாளில் 1885-இல் அந்நாட்டின் முதற் கல்வியமைச்சரான மோரி அரிநோரி, சப்பானியரின் கல்விக்கு ஆங்கிலத்தையே மொழியாக்கலாம் என்னும் எண்ணத்தை வெளியிட்டார். 1872-இல் அமெரிக்க மொழிநூலறிஞர் விட்னிக்கு அதுபற்றி எழுதினார். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட அவ்வமெரிக்கரோ, உங்கள் மக்களுக்கு உங்கள் மொழியே கல்விமொழியாகத் தகும் என்னும் கருத்தில் மறுமொழி விடுத்தார். பாபா தாத்சுயி என்னும் சப்பானிய இளைஞர் 1873-இல் தம் மொழிக்கு இலக்கணம் எழுதி, அதன் முன்னுரையில் மோரியின் கருத்தை மறுத்தார். ஆங்கிலம் கற்க ஏழைக்கு ஓய்வேது? ஓய்வுடைய செல்வர் ஒரு மொழியினராகவும், உழைக்கும் பெருமக்கள் வேறு மொழியினராகவும் நாடு இரண்டாகப் பிளவுபடாதா? இதுவே அவர் எழுப்பிய தடை. அவர் இலண்டனில் இருந்துகொண்டு ஆங்கிலத்திலேயே இதை எழுதினார் என்பதும் நோக்கத்தக்கது. ஆங்கிலம் அறியாமையால் அவர் ஆங்கிலவழியை மறுக்கவில்லை, அறிந்தமையாலேயே மறுத்தார்.

அதன்பின் நடந்தது என்ன? தோக்கியோப் பல்கலைக்கழகத்தில் தொடக்கத்தில் அயல்நாட்டார் பலர் தத்தம் மொழியிலேயே கற்பித்தனர். அவரிடம் கற்றவரும் அயல்நாடு சென்று மீண்டவரும் கலைச்சொற்களை ஆக்கிக்கொண்டு, அவ்விருக்கைகளில் ஒவ்வொருவராக அமர்ந்தனர். 1890-இல் சப்பான் சென்று பள்ளிப்பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பித்து, அந்நாட்டுக் குடியாகவே ஆகிவிட்ட எழுத்தாளர் இலாப்காடியோ எர்ன் அப்பல்கலைக்கழகத்தினின்று 1903-இல் விலகியபோது, அவர் இடத்தில் ஆங்கில இலக்கியம் கற்பிக்க வந்தவருள் ஒருவர் நட்சுமே சோசேகி என்னும் சப்பானியர். அவரே பின்னர்த் தம் தாய்மொழியின் மாபெரும் புதின ஆசிரியராய் விளங்கினார். அயலாரிடம் கற்பது, கற்றதைத் தன் மொழியில் நிலைநாட்டற்கே என்பது அந்நாட்டார் கொண்ட நெறி.

“சப்பானியர்க்கு ஆங்கிலம் பேச வராது” என்று நகைப்பார் உளர். 2008-ஆம் ஆண்டு இயற்பியலுக்கான நோபல் பரிசை மற்றிருவரோடு பகிர்ந்துகொண்ட தோசிகிதே மாசுகாவா, சுவீடனில் தம் பரிசுப் பேருரையைச் சப்பான் மொழியிலேயே நிகழ்த்தினார். ஆங்கிலம் பேச வாராமை அவர் ஆராய்ச்சியைத் தடுக்கவில்லை. நாவில் ஆங்கிலம் புரளும் நம் பிள்ளைகள், நகைப்பதன்முன் இதனை ஒருகால் எண்ணிப் பார்ப்பாராக.

இனி, நம் வீட்டைப் பார்ப்போம். இங்குள்ள ஆங்கிலவழிப் பள்ளியில் கணக்கு ஆங்கிலம், அறிவியல் ஆங்கிலம், வரலாறு ஆங்கிலம், தமிழ் மட்டும் ஒரு பாடம். 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அந்த ஒரு பாடமும் கட்டாயமாக வேண்டியிருந்தது! சப்பானியப் பள்ளியில் ஆங்கிலம் எந்த இடத்தில் இருக்கின்றதோ, அந்த இடத்தில் இங்கே தமிழ் இருக்கின்றது. அங்கு விருந்தினர்க்கு இடப்பெற்ற இருக்கை, இங்கு வீட்டுக்குடையாளுக்கு இடப்பெற்றுள்ளது. சப்பானை எடுத்துக்காட்டுவோர் இந்தத் தலைகீழ் மாற்றத்தைக் காணாதது எங்ஙனம்?

இதைத் திருத்தும் முயற்சி நடைபெறாமலில்லை. 1999-இல், ஐந்தாம் வகுப்பு வரை தமிழோ தாய்மொழியோதான் பயிற்றுமொழி என்று அரசு ஆணையிட்டது. அவ்வாணையை 2000-ஆம் ஆண்டிலேயே சென்னை உயர்முறைமன்றம் தள்ளிவிட்டது. தனியார் பள்ளியைத் திருத்த இயலாத அரசு, 2012-ஆம் ஆண்டு முதல் தன் பள்ளிகளிலேயே ஆங்கிலவழிப் பிரிவுகளைப் பெருக்கத் தொடங்கியது. நோய் தீர்க்க வேண்டிய மருத்துவமனையே நோயைப் பரப்பியதற்கு இது ஒப்பாகும்.

இதனாற் கெடுவது யார்? கரிசற்காட்டுக் குழந்தையை நினைத்துப் பாருங்கள். கோடையில் நிலம் பாளம் பாளமாய் வெடிப்பதை அது கண்டிருக்கின்றது. ஒரு மழைக்கே அந்நிலம் களியாகிக் காலைப் பற்றுவதை உணர்ந்திருக்கின்றது. அம்மண் ஈரத்தை நெடுநாள் உள்ளடக்கிப் பருத்தியை வளர்ப்பதையும் அறிந்திருக்கின்றது. மண்ணியலின் முதற்பாடம் அதன் உள்ளங்காலிலேயே எழுதப்பெற்றுள்ளது. அக்குழந்தை வகுப்பிற்குச் சென்றதும், அறிந்த அதே செய்தியை அறியாத மொழியில் மனப்பாடம் செய்து ஒப்பிக்க வேண்டும். கற்பிப்பவர் இங்கிலாந்தினின்று வந்தவரல்லர், அவரும் தமிழரே. தமிழாசான் தமிழ்க்குழந்தைக்குத் தமிழ்மண்ணைப் பற்றித் தமக்கே நன்கு வாராத ஆங்கிலத்தில் விளக்குகின்றார்! ஆங்கிலம் ஆங்கிலேயன் வாயிலிருந்தும் வரவில்லை. அறிவு தமிழன் வாயிலிருந்தும் வரவில்லை. இரண்டுங்கெட்ட இக்கல்விக்குத் தீப்பெட்டி ஒட்டியும் பருத்தி எடுத்தும் தாயார் சேர்த்த கூலி கட்டணமாய்ப் போகின்றது.

அயலார் இம்மண்ணில் வந்து கற்பித்த வரலாறு நமக்கும் உண்டு. கழுகுமலைப் பாறையையே பாருங்கள். எட்டு, ஒன்பதாம் நூற்றாண்டுகளில் அங்குச் சமணப்பள்ளி தழைத்திருந்தது. பள்ளி என்னும் சொல்லே அத்தகைய துறவோர் உறைவிடத்தினின்று கல்விக்கூடத்திற்கு ஆகி வந்ததன்றோ? சமண சமயத்தின் மறைமொழி வடபுலத்துப் பாகதம். ஆயினும் அப்பாறையிற் செதுக்கிய உருவங்களின் கீழே, செய்வித்தோர் பெயர்கள் வட்டெழுத்தில், தமிழிலேயே பொறிக்கப்பெற்றுள்ளன. குரத்தியர் எனப்பெற்ற பெண்ணாசிரியர் பெயர்களும் அவற்றுள் உள. வடக்கினின்று வந்த கொள்கை தமிழ்மக்களிடை நிற்க விரும்பியது. ஆகவே தமிழிற் பேசியது.

கோயிற்பட்டிக்கு அணித்தான காமநாயக்கன்பட்டியில் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பணியாற்றிய வீரமாமுனிவர் இத்தாலியர். அவர் இங்குள்ளாரை இத்தாலி மொழி கற்குமாறு ஏவவில்லை. தாம் தமிழ் கற்றார். கற்று, 1732-இல் சதுரகராதியை ஆக்கித் தந்தார். எகர ஒகரங்களின் குறில்நெடில் வேறுபாட்டை எழுத்திற் காட்டவும் வழி செய்தார். ஈழத்து யாழ்ப்பாணத்தில் 1847-இல் வந்திறங்கிய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன், முதலில் ஆங்கிலத்திலேயே மருத்துவம் கற்பித்தார். தம் மாணவர் தம் மக்களிடையே தங்கி மருத்துவம் செய்ய வேண்டுமாயின் மக்கள்மொழியிற் கற்றல் வேண்டும் எனத் தெளிந்து, 1864 முதல் தமிழிலேயே கற்பித்தார். மேனாட்டு மருத்துவ நூல்களைத் தமிழாக்கி அச்சிட்டார். அமெரிக்கர் ஒருவர் நூற்றறுபது ஆண்டுகட்கு முன்னரே தமிழில் அறுவை மருத்துவம் கற்பித்திருக்க, தமிழர் இன்று தமிழில் மழையும் வெயிலும் கற்பிக்க நாணுகின்றனர். இதற்கு எவரை நோவது?

“எல்லாம் சரி, வேலை கிடைக்குமா?” என்று பெற்றோர் கேட்பர். இவ்வினா இழிவானதன்று. மழை பொய்த்தால் அடுப்பெரியாத வானம்பார்த்த நிலத்தில் பிறந்தவர், தம் மக்களேனும் இத்துயரினின்று கரையேறட்டும் என்று விரும்புதல் இயல்பே. குற்றம் அவர்மேலதன்று. தமிழ் படித்தவன் தாழ்ந்தவன் என்னும் நிலையை ஆக்கிவைத்த அரசின்மேலும் வேலை தருவோர்மேலுமே அது சாரும். தமிழ்வழியிற் கற்றார்க்கு அரசு வேலையில் 20 விழுக்காடு ஒதுக்கிய 2010-ஆம் ஆண்டுச் சட்டம் நல்ல தொடக்கம். ஆயின், தமிழ்நாட்டில் தமிழ்வழிக் கற்றார்க்கு ஐந்திலொரு பங்கு என்பது வீட்டுக்குடையவனுக்குத் திண்ணையில் இடம் ஒதுக்கியதை ஒக்கும். அப்பங்கு வளர்தல் வேண்டும்.

அயல்தொழிலைக் கற்க அயல்மொழியிலேயே வாழ வேண்டும் என்பதும் பொய். ஒருகாலத்தில் இந்தியச் சந்தையை நிரப்பியவை சப்பான் தீப்பெட்டிகளே. 1922-இல் சிவகாசியினின்று அய்யநாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று மீண்டனர். அத்தொழில் சிவகாசியிலும் சாத்தூரிலும் கோயிற்பட்டியிலும் வேர்கொண்டு, பல்லாயிரம் வீடுகட்குச் சோறிட்டது. குச்சி அடுக்குதலும், மருந்து முக்குதலும், பெட்டி ஒட்டுதலும் தமிழிலேயே நடந்தன. சென்றோர் கற்று வந்தனர், வந்தது தமிழாயிற்று. சப்பான் பல்கலைக்கழகத்திற் செய்ததை நம் கரிசற்காட்டார் தொழிற்கூடத்திற் செய்து காட்டியுள்ளனர். பள்ளியில் மட்டும் அது ஏன் இயலாது?

நாம் ஆங்கிலத்தைக் கல்லாதே என்று சொல்லவில்லை. கழுகுமலைக்கு மேற்கே சங்கரன்கோயிலிற் பிறந்த மொழிஞாயிறு பாவாணர், தமிழின் தலைமையை உலகிற்கு உணர்த்த 1966-இல் ஆங்கிலத்திலேயே பெருநூல் எழுதினார். அத்தகைய ஆங்கிலம் தமிழ்வழிக் கல்வியின்மேல் நிற்பது. தமிழைத் தின்று வளர்வதன்று.

ஆகவே நாம் கேட்பன இவை. ஐந்தாம் வகுப்பு வரை எல்லாப் பள்ளியிலும் தமிழோ தாய்மொழியோ பயிற்றுமொழியாகுமாறு, முறைமன்றத்தில் நிலைநிற்கத்தக்க சட்டம் ஒன்று மீண்டும் வருதல் வேண்டும். ஆங்கிலம் ஒரு பாடமாக, பயிற்சி பெற்ற ஆசிரியரால், இன்றுள்ளதினும் செம்மையாகக் கற்பிக்கப்பெறுதல் வேண்டும். ஒலிப்புப் பழக்க அயலார் ஒருவர் துணைக்கு வரினும் நமக்குத் தடையில்லை. மருத்துவமும் பொறியியலும் தமிழிற் கற்கவும், கற்றவர் வேலை பெறவும் வழி திறத்தல் வேண்டும்.

பெற்றோரே! நும் பிள்ளையை ஆங்கிலவழியிற் சேர்க்கச் சொல்லி எவரேனும் சப்பானைக் காட்டினால், அவரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: “சப்பானியப் பிள்ளை கணக்கை எந்த மொழியிற் படிக்கின்றது?” அவர் உண்மை சொல்வாராயின், அன்றே நும் பிள்ளையைத் தமிழ்ப்பள்ளியிற் சேர்த்துவிடலாம்.