கோடு போட்டாச்சு... பாதை இருக்கா?

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்கு ஏறும்வரை செல்போன் மேப் சமர்த்தாக வழி சொல்லும். அருவி பார்க்கலாம் என்று தார்ச்சாலையை விட்டு ஒற்றையடிப் பாதையில் இறங்கினால், பல இடங்களில் சிக்னல் போய்விடும். வெறும் சாம்பல் நிறத் திரையில் நீலப் புள்ளி மட்டும் நிற்கும்.

'சிக்னல் இல்லை, அதனால் ஜி.பி.எஸ். வேலை செய்யவில்லை' என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். உண்மை அதுவல்ல. பூமிக்கு மேலே சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் அனுப்பும் நேரத்தை வைத்தே கருவி தன் இருப்பிடத்தைக் கணக்கிடுகிறது. நான்கு கோள்கள் கண்ணில் பட்டால் போதும். சிம் கார்டு, நெட் எதுவும் வேண்டாம். நீலப் புள்ளி சரியாகத்தான் இருக்கிறது. அதன் அடியில் வரவேண்டிய வரைபடம்தான் வரவில்லை. ஆகவே மலைப் பயணத்தின் முக்கால்வாசி வேலை, வீட்டில் வைஃபை இருக்கும்போதே முடிந்துவிட வேண்டும்.

இதற்கென்றே கையடக்க ஜி.பி.எஸ். கருவிகள் கிடைக்கின்றன. மழைக்கும் தாங்கும், பேட்டரியும் அதிக நேரம் நிற்கும். வாங்க வசதி இல்லையா? ஆஸ்மாண்ட், ஆர்கானிக் மேப்ஸ் போன்ற இலவச ஆப்களில் மாவட்டத்தின் வரைபடத்தையே இறக்கி வைத்துக்கொள்ளலாம். ஒரு எச்சரிக்கை: செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கருவியை அனுமதி இல்லாமல் வைத்திருப்பது இந்தியாவில் சட்டப்படி குற்றம். வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் பரிசாகக் கொடுத்தாலும் கவனம் தேவை.

மலையின் ரேகை

வரைபடம் இறங்கியதும் முதலில் பார்க்க வேண்டியது சம உயரக்கோடுகளை. பள்ளிக்கூடப் புவியியலில் படித்ததுதான். கோடுகள் நெருங்கி இருந்தால் செங்குத்து, விலகி இருந்தால் சமதளம். இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 அளவு வரைபடங்களில் ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் 20 மீட்டர் உயர வித்தியாசம். பதிவு செய்துகொண்டால் இந்தியக் குடிமக்கள் இவற்றை இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம்.

கல்வராயன் மலையை இப்படிப் பார்த்தால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரியும். இது ஊசிமுனைச் சிகரம் அல்ல. பெரும்பகுதி 2,000 முதல் 3,000 அடி உயரத்தில் பரந்து கிடக்கும் மேட்டுநிலம். ஓரங்களில் கோடுகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். மேலே போனதும் விலகி ஓடும். ஓடையின் நீலக்கோடு அந்த நெருக்கத்தைக் குறுக்கே வெட்டும் இடங்களில்தான் அருவிகளைத் தேட வேண்டும்.

ஆபத்தும் அங்கேதான். சாதாரண மலையில் முதலில் ஏறுகிறோம், திரும்பும்போது இறங்குகிறோம். மேட்டுநிலத்தில் தலைகீழ். அருவியின் அடிவாரத்துக்குப் போகும்போது குஷியாக இறங்கிவிடலாம். களைத்துப்போய்த் திரும்பும்போதுதான் ஏற்றம் காத்திருக்கும்.

இதற்கு ஒரு பழைய கணக்கு உண்டு. ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நைஸ்மித் 1892-ல் சொன்னது: 5 கிலோமீட்டர் நடக்க ஒரு மணி நேரம், ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். அருவியிலிருந்து திரும்பும் வழி 4 கிலோமீட்டர், ஏற்றம் 300 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடைக்கு 48 நிமிடம், ஏற்றத்துக்கு 30 நிமிடம், மொத்தம் 78 நிமிடம். இது நல்ல தெம்புள்ளவர்கள் நிற்காமல் நடந்தால். குழந்தைகளும் தாத்தா பாட்டியும் உடன் வந்தால் இரட்டிப்பாக்குங்கள்: இரண்டரை மணி நேரத்துக்கும் மேல். டிசம்பரில் ஆறு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். அப்படியானால், அருவியில் எவ்வளவு ஆனந்தமாக இருந்தாலும் மூன்று மணிக்குக் கிளம்பியாக வேண்டும். இந்த 'மூன்று மணி'யைத் திட்டத்திலேயே எழுதிவிடுங்கள்.

புள்ளி வைக்கும் முறை

கருவியில் இரண்டு வகைக் கோடுகள் உண்டு. 'ரூட்' என்பது நாம் வைக்கும் புள்ளிகளை இணைப்பது. 'ட்ராக்' என்பது நடந்த தடம் பதிவானது. கருவி நேர்கோட்டு முறையில் இருந்தால், இரண்டே புள்ளி வைத்தாலும் ரூட் ஒழுங்காகக் கோடு போட்டுவிடும். நடுவில் பள்ளத்தாக்கு இருந்தாலும் அதற்குக் கவலை இல்லை. ஆகவே பாதை பிரியும் இடம், ஓடையைக் கடக்கும் இடம், கோயில், ஊர் என்று திருப்பத்துக்குத் திருப்பம் புள்ளி வையுங்கள். நடக்க ஆரம்பித்ததும் ட்ராக் பதிவை ஆன் செய்துவிடுங்கள். வழி தவறினால், வந்த தடத்திலேயே திரும்ப அதுதான் துணை.

எண்களிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. ஒருவர் 11 டிகிரி 45 நிமிடம் என்று அனுப்புகிறார். அதை 11.45 என்று பதிந்துவிட்டால்? ஒரு டிகிரிக்கு 60 நிமிடம் என்பதால் சரியான எண் 11.75. வித்தியாசம் 0.30 டிகிரிதான், தரையில் அது சுமார் 33 கிலோமீட்டர். பதிந்த புள்ளி வரைபடத்தில் எந்த ஊர்ப் பக்கம் விழுகிறது என்று ஒருமுறை பார்த்தாலே தவறு தெரிந்துவிடும்.

வரைபடம் சொல்லாதது

நேற்றுப் பெய்த மழை வரைபடத்தில் இருக்காது. காலையில் கணுக்கால் நனைந்த ஓடை, மேலே மழை பெய்தால் மாலையில் இடுப்பளவு ஓடலாம். ஊருக்கு ஊர் நடந்தே பழகிய மலையாளிப் பழங்குடி மக்களுக்கு அந்த ஓடைகளின் குணம் தெரியும். 'மழை பெஞ்சா திரும்பி வர முடியுமாங்க?' என்று அங்கே ஒருவரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

அனுமதியும் திரையில் தெரியாது. காப்புக்காட்டுக்குள் கோடு போடுவது எளிது. வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைப்பது குற்றம். 2018 மார்ச் 11-ல் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் பரவிய காட்டுத்தீயில் மலையேற்றம் சென்றவர்கள் 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அதன் பிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் 40 பாதைகளுக்கு ஆன்லைனிலேயே பதிவு செய்யலாம். உங்கள் பாதை அதில் இல்லையென்றால் அந்தப் பகுதி வனச்சரக அலுவலகத்தில் கேளுங்கள். கோடைத் தீக்காலத்தில் 'இப்போது வேண்டாம்' என்று சொன்னால், திட்டத்தைத் தள்ளிப்போடுங்கள்.

எல்லாம் முடிந்ததும் கடைசியாக ஒரு வேலை. போட்ட ரூட்டை 'ஜி.பி.எக்ஸ்.' கோப்பாகச் சேமித்து, ஊரில் இருக்கும் ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். கூடவே ஒரு வரி: 'ராத்திரி எட்டு மணிக்குள் போன் வரவில்லை என்றால் 112-க்குச் சொல்லி, இந்தக் கோட்டில் தேடச் சொல்லு.' எட்டு மணிக்கு முன்னால் அந்த போனை மறக்காமல் செய்துவிடுங்கள்.