திரைக்கு ஓர் எள்ளுரை

நூலுக்கு உரை காண்பது தமிழர்க்குப் பழகிய தொழில். தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் முதலானோர் உரை கண்டனர். திருக்குறளுக்குப் பதின்மர் உரை கண்டனர் என்பது வழக்கு. இன்று நம் இளைஞர் திரைப்படத்துக்கு உரை காணத் தொடங்கியிருக்கின்றனர். அதுவும் நகையுரை! படம் தன்போக்கில் ஓடுகின்றது. அதன்மேல் ஓரிருவர் குரல் ஏறி நின்று, காட்சிதோறும் குறுக்கே பேசுகின்றது, கதைத்தலைவனைக் கேள்வி கேட்கின்றது, கேட்போரைச் சிரிக்கவைக்கின்றது. வலையொளியில் இத்தகையன மலிந்து கிடக்கின்றன.

திருப்பூர்ப் பனியன் ஆலைகளில் பவர் டேபிளிலும் ஓவர்லாக்கிலும் நாள் முழுதும் தைக்கும் இளைஞர்க்கு இவ்வுரைகள் நல்ல வழித்துணை. கண் துணியில், காது நகையுரையில்! இவற்றை வெறும் வெட்டிப் பேச்சென்று பெரியோர் சிலர் ஒதுக்குகின்றனர். இளைஞரோ எல்லாவற்றையும் ஒன்றுபோலப் பாராட்டுகின்றனர். இரண்டும் பிழை. உரையென்று வந்துவிட்டால் அதனை உரைக்குரிய அளவுகோல் கொண்டு அளத்தல் வேண்டும்.

முதற்கண் ஒன்றை உணர்தல் நன்று. இஃது அயலாரிடம் கடன்பெற்ற கலையன்று. நம் தெருக்கூத்தில் கட்டியங்காரன் உண்டு. அரசன் வருமுன் அவன் புகழைக் கூறுபவனும் அவனே. வந்தபின் குறுக்குக் கேள்வி கேட்டு அவனை நாணச் செய்பவனும் அவனே. தோற்பாவைக் கூத்தில் உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் இராமன் கதைக்கு நடுவே புகுந்து ஊர்க்கதை பேசுவர். உயர்ந்தோர் கதை நடக்கையில் எளியோன் குரல் ஒன்று அதன் அருகே நின்று நகுவதைத் தமிழர் என்றும் விரும்பியே கேட்டனர்.

திரைப்படம் வந்தபோதும் இம்மரபு அறவே அறுபடவில்லை. திருச்சிராப்பள்ளியில் தொடர்வண்டித் துறையில் வரைவாளராயிருந்த சாமிக்கண்ணு வின்சென்டு, 1905-இல் பிரெஞ்சுக்காரர் ஒருவரிடம் படக்கருவி வாங்கி ஊர் ஊராகச் சென்று படம் காட்டினார். 1914-இல் கோவையில் வெரைட்டி ஆல் என்னும் அரங்கை நிறுவினார். அந்தப் பேசாப் படக் காலத்தில், திரையருகே நின்று கதையை விளக்கிச் சொல்லுவோர் தமிழ்நாட்டு அரங்குகளில் இருந்தனர். சப்பானில் அவர்க்குப் பென்சி என்று பெயர். 1931-இல் 'காளிதாசு' வெளிவந்து திரையே பேசத் தொடங்கியபின் அக்குரல் மெல்ல ஒழிந்தது. அன்று ஒழிந்த குரலே இன்று கைப்பேசி வழியே மீண்டிருக்கின்றது.

மேலை நாட்டிலும் இது வளர்ந்த வரலாறு உண்டு. 1984-இல் 'கிங் காங்' என்னும் பழம்படத்தை ஒளித்தட்டில் வெளியிட்டபோது, ஆய்வாளர் ஒருவரின் விளக்கவுரையை இரண்டாம் ஒலித்தடத்தில் ஏற்றினர். 1988-இல் அமெரிக்காவின் மின்னியாபொலிசு நகரத் தொலைக்காட்சியில் 'மிசுடரி சயன்சு தியேட்டர் 3000' தோன்றியது. ஒரு மனிதனும் இரண்டு பொறிப்பாவைகளும் திரைமுன் அமர்ந்து, கெட்ட படங்களை முதலிலிருந்து இறுதிவரை எள்ளுவதே அந்நிகழ்ச்சி. அதன் வழிவந்தோர் 2006-இல் 'இரிப்டிராக்சு' தொடங்கிக் குரலை மட்டும் தனியே விற்றனர். வாங்கியவர் தம்மிடமுள்ள படத்தோடு அதனை இணைத்து ஓடவிட வேண்டும். தமிழில் விசய் தொலைக்காட்சியின் 'லொள்ளு சபா'வும், 2010-இல் வந்த 'தமிழ்ப் படம்' என்னும் திரைப்படமும் நம் படங்களை எள்ளின. ஆயினும் அவை காட்சிகளை நடித்துக் காட்டி எள்ளியவை. மூலப் படத்தை அப்படியே ஓடவிட்டு அதன்மேல் உரை சொல்லுவது வேறு கலை.

இனி அளவுகோலுக்கு வருவோம். தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டனுள் நகையை முதலில் வைத்தார். பேதைமை, மடன், இளமை, எள்ளல் என்னும் நான்கு அது பிறக்கும் இடங்கள். எள்ளலை விளக்கும் பேராசிரியர், தான் பிறரை எள்ளி நகுதலும், பிறர் தன்னை எள்ளியவழித் தான் நகுதலும் என அஃது இருவகைப்படும் என்றார். இவ்விரண்டாம் வகையே நகையுரைக்கு உயிர். படத்தை எள்ளுபவன், அப்படத்துக்கு முதல் நாளே வரிசையில் நின்ற தன்னையும் சேர்த்து எள்ளவேண்டும். உயரப் பதாகைக்குப் பாலூற்றிய கை நம் கையன்றோ? தன்னை விட்டுவிட்டுப் பிறரை மட்டும் நகுவது எள்ளலிற் பாதியே.

அடுத்தது, மூலத்தை அறிதல். நூலை முழுதும் கல்லாதவன் உரை எழுதப் புகான். தலைவன் ஓரடியில் பதின்மரை வீழ்த்துகிறான். நெற்றியிற் பட்ட வெட்டு அடுத்த காட்சியிற் காணவில்லை. குண்டுபட்ட தாய் அறிவுரை அனைத்தும் கூறி முடித்தபின்னரே உயிர் விடுகிறாள். இவற்றைக் கண்டு, உரிய நொடியில், ஒரு சொல்லாற் சுட்டுபவனே நல்லுரைகாரன். இன்று வருவனவற்றுட் பல இதிற் குறைபடுகின்றன. காட்சியை நோக்காது கூச்சலிடுகின்றன. ஓயாது பேசி, படம் தானே தன்னைக் காட்டிக்கொடுக்கும் இடத்தையும் கெடுத்துவிடுகின்றன. எப்போது வாய்மூட வேண்டுமென்று அறிவதும் உரைத்திறனே.

பின்னலாடைத் தொழிலறிந்தார்க்கு ஓர் உவமை கூறுவேன். செக்கிங் மேசையில் நிற்கும் பெண் துணியை விரித்துப் பார்த்து, ஓட்டை எங்கே, தையல் விட்டது எங்கே என்று காட்டுகிறாள். அவள் துணியைக் கிழிப்பதில்லை, நெய்தவனை வைவதுமில்லை. குறை உள்ள இடத்தில் விரல் வைக்கிறாள். அவ்வளவே!

மூன்றாவது, நகை யார்மேல் விழுகின்றது என்பது. நம் திரைப்படங்கள் நகைச்சுவை என்னும் பெயரால் கருநிறத்தையும் பருவுடலையும் திக்குவாயையும் பெண்ணையும் இழித்து நெடுங்காலம் காசு பார்த்தன. அவற்றைத் திருத்த வந்த நகையுரையும் துணைநடிகையின் உடலைப் பழித்துச் சிரிக்குமாயின், அது திறனாய்வாகாது. அதே சரக்கின் மறுபதிப்பே ஆகும். கட்டியங்காரன் எள்ளியது அரசனை. கூத்துப் பார்க்க வந்த கூலியாளையன்று.

நான்காவது, மொழி. 'புரோ' என்றும் 'வேற லெவல்' என்றும் பத்துமுறை கூறினால் நகை பிறந்துவிடாது. கொங்குநாட்டார்க்கு இதில் அரிய செல்வம் ஒன்று வாய்த்திருக்கிறது. எவரையும் 'ங்க' சேர்த்து மதித்தே பேசும் பேச்சு நம் பேச்சு. "ஏனுங்க, குண்டு தீர்ந்து போச்சுங்களே, இன்னும் சுடறீங்களே!" என்று பணிவோடு கேட்டுப் பாருங்கள், எந்த வசையும் அந்த அளவுக்குச் சுடாது. கோவைக் குசும்பு என்று ஊரார் கூறுவது இதனைத்தான். இத்துணை நயம் கையிலிருக்க, சென்னைத் தொலைக்காட்சிப் பேச்சைப் பார்த்தெழுதுவானேன்?

இவற்றையெல்லாம் ஏன் இத்துணை விரித்துரைக்க வேண்டும் எனின், படத்தின்மேல் ஏறும் குரலுக்கு உள்ள ஆற்றல் சிரிப்போடு நிற்பதன்று. 2023 மார்ச்சுத் திங்களில் நடந்ததைத் திருப்பூர் மறந்திராது. வேறெங்கோ வேறு காரணத்தால் நிகழ்ந்த சண்டைப் படங்களை எடுத்து, தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளரை அடித்துக் கொல்கின்றனர் என்னும் பொய்யுரையை அவற்றோடு ஒட்டிப் பரப்பினர். நம்மோடு ஒரே ஆலையில் வேலை செய்த எளியோர் அஞ்சினர். பலர் ஊருக்கு மூட்டை கட்டினர். பீகாரிலிருந்து அலுவலர் குழு வந்து நேரிற் கண்டது. அப்படங்கள் பொய்யெனத் தமிழ்நாட்டுக் காவல்துறை அறிவித்தது. படம் அப்படியே இருந்தது. உடன் ஏறிய உரைதான் நஞ்சாயிற்று.

நகையுரைக்கும் நச்சுரைக்கும் கருவி ஒன்றே. நகையுரைகாரன், "இது என் குரல், படம் வேறு, நான் வேறு" என்று வெளிப்பட நிற்கிறான். நச்சுரைகாரன் தன் குரலை மறைத்து, படமே பேசுவதுபோற் காட்டுகிறான். நல்ல எள்ளுரையைக் கேட்டுப் பழகிய காது, "இப்படத்தின்மேற் பேசுபவன் யார்? படத்தில் உள்ளதைத்தான் சொல்லுகிறானா?" என்று கேட்கப் பழகிவிடும். எள்ளுரை நாட்டுக்குச் செய்யத்தக்க தொண்டு இதனினும் பெரிது இல்லை.

ஆகவே இளைஞர்களே, எள்ளுங்கள்! படத்தை முழுதும் பார்த்துவிட்டு எள்ளுங்கள், வலியோனை எள்ளுங்கள், உங்களையும் சேர்த்து எள்ளுங்கள், நல்ல தமிழில் எள்ளுங்கள். தங்கள் தலைவன் படத்தைக் கேட்டுத் தாமே சிரிக்கும் மக்கள், அவன் பதாகைமேல் ஏறி உயிர்விட மாட்டார்கள்.