மார்க்கை மட்டும் கேட்காதீங்க!

ஆண்டு மலர் வீட்டுக்கு வந்தவுடன் அதை முதலில் புரட்டுபவர்கள் பெற்றோர்தான். "எங்க புள்ள போட்டோ வந்திருக்கா?" என்று பக்கம் பக்கமாகத் தேடுவார்கள். அப்படித் தேடும்போது இந்தப் பக்கத்தில் ஒரு ஐந்து நிமிடம் நிற்குமாறு கேட்டுக்கொள்கிறேன். இது பெற்றோருக்காக எழுதியது. மாணவத் தோழர்களும் கூடவே படிக்கலாம். கடைசியில் நமக்கும் ஒரு வேலை இருக்கிறது.

பாலிடெக்னிக் என்றாலே நம் ஊரில் ஓர் இளக்காரம். "ஏன், பிளஸ் ஒன் கிடைக்கலையா?" என்று கல்யாண வீட்டில் கேட்பார்கள். ஆனால் இங்கே நடப்பது என்ன? பத்தாம் வகுப்பு முடித்து 15, 16 வயதில் வருகிறவர்கள் மூன்று ஆண்டுகளில் ஆறு பருவங்களைக் கடக்க வேண்டும். கூடப் படித்த நண்பன் இன்னும் பள்ளிச் சீருடையில் இருக்க, இவர்கள் சேர்ந்த சில மாதங்களிலேயே முதல் பருவத் தேர்வை எழுதிவிடுகிறார்கள். ஒர்க்‌ஷாப்பில் அரம் பிடித்து இரும்பைத் தேய்த்துத் தேய்த்து உள்ளங்கை கொப்பளிக்கும். டிராயிங் ஹாலில் ஒரு பொருளை முன்னாலிருந்தும் மேலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் பார்த்தால் எப்படித் தெரியும் என்று மனசுக்குள்ளேயே திருப்பிப் பார்த்து வரைய வேண்டும். ராத்திரியில் ரெக்கார்டு நோட்டு. பத்து வருடம் தமிழில் படித்தவர்களுக்கு, விசை என்றும் உந்தம் என்றும் பழகியதெல்லாம் ஒரே வாரத்தில் ஃபோர்ஸ், மொமென்டம் என்று மாறிவிடும். பலருக்கு முதல் பருவத்தில் பாடத்தைவிட அந்த மொழிதான் சுமை.

இந்த நேரத்தில் வீட்டில் கிடைக்கும் பதில் என்ன? "எங்களுக்கு என்னப்பா தெரியும்? நாங்க அஞ்சாங்கிளாஸ்கூடத் தாண்டல. ஃபீஸ் கட்டியாச்சு, இனி நீயே பாத்துக்கோ." இதில் துளியும் பொய் இல்லை, பாசமும் இருக்கிறது. வட்டிக்கு வாங்கியோ தோட்டை அடகு வைத்தோ கட்டிய ஃபீஸ் அது. இருந்தாலும் அதைக் கேட்கிற பிள்ளைக்கு, "இனி நீ தனி" என்றுதான் காதில் விழுகிறது. என் கருத்து இதுதான்: பிள்ளைக்குத் துணை நிற்கப் பெற்றோருக்கு இன்டக்ரேஷன் தெரிய வேண்டியதில்லை, இங்கிலீஷும் தெரிய வேண்டியதில்லை. படிப்பு எந்தத் தடத்தில் ஓடுகிறது என்று தெரிந்தால் போதும்.

முதலில் தேதிகள். வீட்டுச் சுவரில் தொங்கும் நாள்காட்டியில் மாடல் தேர்வு, பிராக்டிகல், ரெக்கார்டு ஒப்படைக்கும் நாள் ஆகியவற்றைப் பிள்ளையை விட்டே சிவப்பு மையால் வட்டம் போடச் சொல்லுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவுக்கும் வட்டம் தெரியும். குலதெய்வம் கோயிலுக்குப் போவதையும், நடவு வேலைக்கு ஆள் குறைவதையும் அந்த வட்டத்தைப் பார்த்துத் தள்ளி வைக்கலாம். வருகைப் பதிவு குறைந்தால் தேர்வே எழுத முடியாமல் போகும் என்பது பல வீடுகளில் தெரிவதில்லை. "ரெண்டு நாள்தானே, லீவு போடு" என்பதற்கு இங்கே விலை அதிகம்.

இரண்டாவது, கேள்வி. "மார்க் என்னாச்சு?" என்பது ரிசல்ட் அன்று கேட்கிற கேள்வி. மற்ற நாட்களில் "இன்னைக்கு ஒர்க்‌ஷாப்ல என்ன செஞ்சே? காட்டு பாப்போம்" என்று கேளுங்களேன்! இது வெறும் உபசார வார்த்தை இல்லை. கிளாடியா முல்லர், கேரல் டுவெக் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் பத்து வயதை ஒட்டிய பள்ளிக் குழந்தைகளிடம் ஓர் ஆய்வு செய்து 1998இல் வெளியிட்டார்கள். புதிர்களுக்கு விடை கண்ட குழந்தைகளில் சிலரை "நீ புத்திசாலி" என்றும், சிலரை "நல்லா உழைச்சிருக்கே" என்றும் பாராட்டினார்கள். பிறகு கடினமான புதிர்கள் வந்தபோது, புத்திசாலி என்று பேர் வாங்கியவர்கள் சீக்கிரம் சோர்ந்தார்கள். தாங்கள் வாங்கிய மார்க்கைச் சொல்லச் சொன்னபோது கூட்டிச் சொன்னவர்களும் அவர்களில்தான் அதிகம். உழைப்புக்காகப் பாராட்டு வாங்கியவர்களுக்கு மறைக்க வேண்டிய அவசியம் குறைவாக இருந்தது. யோசித்துப் பாருங்கள், நம் வீட்டில் எதைப் பாராட்டுகிறோம்?

மூன்றாவது, ஒப்பீடு. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு முடிவுகளில் மாநில அளவில் முதல் மூன்று இடம் என்று பட்டியல் போடுவதைத் தமிழக அரசு 2017இல் நிறுத்தியது. அரசு நிறுத்தியதை வீடுகள் நிறுத்தவில்லை. பெரியப்பா மகன், எதிர்வீட்டுப் பெண் என்று ரேங்க் பட்டியல் தினமும் சோற்றுத் தட்டுக்கு முன்னால் வாசிக்கப்படுகிறது. சாப்பாடு இறங்குமா, சொல்லுங்கள்!

நான்காவது, அரியர். இதைப் பற்றி வீட்டில் பேசப் பயப்படுகிறோம். ஒரு பாடத்தில் தவறினால் அடுத்த தேர்வில் அதை எழுதித் தேறலாம். அதற்காக அடுத்த பருவம் நின்றுபோவதில்லை. பாடம் போனதால் கெட்டவர்களைவிட, அதை வீட்டில் மறைத்ததால் கெட்டவர்கள் அதிகம் என்பதை மூன்று வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒன்றை மறைத்தால் அது இரண்டாகும். தேர்வுக் கட்டணத்தை வேறு பேர் சொல்லிக் கேட்க வேண்டி வரும். கடைசிப் பருவத்தில் ஐந்தாறு பாடம் மொத்தமாக வந்து நிற்கும். எனவே ரிசல்ட் வருவதற்கு முன்பே, நல்ல மனநிலையில் இருக்கும் ஒரு நாளில் சொல்லி வையுங்கள்: "எது ஆனாலும் மொதல்ல எங்ககிட்ட சொல்லு. திட்டுவோம், ஆனா கூட நிப்போம்." இந்த ஒரு வார்த்தைக்கு எத்தனை பலம் என்று உங்களுக்குத் தெரியாது. பிள்ளை சாப்பாடு தூக்கம் இல்லாமல், யாரோடும் பேசாமல் ஒதுங்கினால் அதை சோம்பல் என்று தள்ளிவிடாதீர்கள். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட 'டெலி மானஸ்' மனநலச் சேவையின் எண் 14416. கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

ஐந்தாவது, நேரமும் தூக்கமும். 13 முதல் 18 வயது வரை ஒரு நாளைக்கு 8 முதல் 10 மணி நேரம் தூக்கம் தேவை என்று அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் 2016இல் பரிந்துரைத்தது. விடியுமுன் பஸ் பிடிக்கிறவர்கள் நம்மில் எத்தனை பேர்! சனி, ஞாயிறு கேட்டரிங், பெயின்டிங் வேலைக்குப் போகிற நண்பர்களும் உண்டு. குடும்பக் கஷ்டம் பொய்யல்ல, அதைக் குறை சொல்லவில்லை. தேர்வுக்கு முந்தைய இரண்டு வாரமாவது அந்த வேலைக்கு விடுமுறை கொடுக்க முடியுமா என்று பாருங்கள்.

இங்கே மாணவிகளுக்காகத் தனியாக ஒரு வார்த்தை. அண்ணனும் தங்கையும் ஒரே பஸ்ஸில் வந்து இறங்குகிறார்கள். அண்ணன் காலை நீட்டுகிறான், தங்கை அடுப்படிக்குப் போகிறாள். பாத்திரம் கழுவி முடித்து அவள் டிராயிங் ஷீட்டை விரிக்கும்போது மணி பத்து. மறுநாள் வகுப்பில் இருவருக்கும் ஒரே அளவுகோல்தான். அரசுப் பள்ளியில் படித்த மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022இல் தொடங்கியது. பணம் அரசாங்கம் தரலாம். அந்த இரண்டு மணி நேரத்தை வீடுதான் தர வேண்டும்.

"இப்படியெல்லாம் செல்லம் குடுத்தா கெட்டுப்போயிடுவான்" என்று சில அப்பாக்கள் சொல்வார்கள். ஐயா, நான் கேட்பது செல்லம் இல்லை. கண்டிப்பு வேண்டும். நடுராத்திரி வரை செல்போன் நோண்டினால் வாங்கி வையுங்கள். வகுப்பைக் கட் அடித்தால் கேளுங்கள். ஆனால் எதைக் கண்டிக்கிறோம் என்று தெரிந்து கண்டிக்க வேண்டும். அதற்குத்தான் கல்லூரிப் பக்கம் வரச் சொல்கிறேன். புகார் வந்து கூப்பிட்டனுப்பினால் மட்டும் வருவது என்ற வழக்கத்தை விட்டுவிட்டு, பருவத்துக்கு ஒரு முறை சும்மா வந்து துறைத் தலைவரைப் பாருங்கள். உங்கள் பிள்ளை கடைந்த இரும்புத் துண்டை ஒர்க்‌ஷாப்பில் ஒரு முறை கையில் வாங்கிப் பாருங்கள். "டிப்ளமோதானே" என்ற வார்த்தை அப்புறம் உங்கள் வாயில் வராது. டிப்ளமோ முடித்தால் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம், உதவித்தொகையோடு ஓராண்டு அப்ரண்டிஸ் பயிற்சிக்கும் போகலாம் என்ற விவரங்களும் அங்கேயே தெரிந்துவிடும்.

தோழர்களே, நமக்கு உள்ள வேலை இதுதான். ஒரு கை தட்டினால் ஓசை வராது. "அவங்களுக்கு ஒண்ணும் புரியாது" என்று வீட்டில் வாயை மூடிக்கொண்டு, "எங்க வீட்ல யாரும் கேக்கறதில்ல" என்று கேன்டீனில் புலம்புவதில் நியாயமில்லை. லேத் என்றால் என்ன என்று அம்மாவுக்கு ஒரு நாள் தமிழில் சொல்லிப் பாருங்கள். அம்மாவுக்கும் புரியும்; சொல்லச் சொல்ல நமக்கும் நன்றாகப் புரிந்துவிடும். வைவாவுக்கு அதைவிடச் சிறந்த தயாரிப்பு எனக்குத் தெரிந்து கிடையாது!